கடிதத்தில் பணம் எங்கே?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். எங்கள் அப்பத்தா வாழ்க்கையில் நடந்ததை அப்படியே ஒரு கதையாக எழுதினேன். 1940இல் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் ஐயா (அப்பத்தாவின் கணவர்) பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்து சம்பாதிக்க, போய்விட்டார். யுத்தம் வந்ததும் கடிதம் நின்றுபோனது. அப்பத்தாவின் மாமியார் கணவரை இழந்தவர், ஒரே மகன், எழுத்துத் தெரியாது. அவர் மனசு உடைந்துவிடக் கூடாது என்று அப்பத்தா ஒரு பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதுக் கடிதம் வந்ததுபோல வாசித்துக் காட்டியிருக்கிறார். மூன்று வருஷம் இப்படி. யுத்தம் முடிந்துதான் ஐயா திரும்பி வந்தார். (அந்த நாட்களில் செலவுக்கு அப்பத்தா தன் பெரிய தாலியான கழுத்துருவிலிருந்து ஒவ்வொரு உருவாகக் கழற்றி விற்றிருக்கிறார். ஐயாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பங்காளி வீட்டுக் கழுத்துருவை இரவல் வாங்கித்தான் கட்டினார்கள். இதை மட்டும் கதையில் விட்டுவிட்டேன். குடும்ப மானம்.)

மூன்று பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று இடமின்மை என்றது. மூன்றாவது ஆசிரியர் "சம்பவம் நம்பும்படி இல்லை" என்று ஒரு வரி எழுதினார். நடந்ததை நம்பும்படி இல்லை என்று சொல்ல இவர் யார்? இதற்கிடையில் சென்னையில் நடப்பதாக நான் கற்பனையாக எழுதிய ஒரு காதல் கதை உடனே பிரசுரமாகிவிட்டது. சித்தப்பாவோ அப்பத்தா கதையைப் படித்துவிட்டு, "எங்க ஆத்தா யாரையும் ஏமாத்தினதில்லை, நீ பொய் எழுதியிருக்கே" என்கிறார். உண்மையை எழுதினால் வெளியிலும் பொய், வீட்டிலும் பொய். பேசாமல் கற்பனையே எழுதிவிடவா? இல்லை, எழுதுவதையே விட்டுவிடவா? கதையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள், நீங்களே பதிலையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். இப்போதைக்கு உங்களுக்கு வலிக்கிற இடம் கதை திரும்பி வந்ததுதான் என்று தெரிகிறது, அதை முதலில் பேசிவிடலாம்.

பதில் போடாத பத்திரிகையை விட்டுவிடுங்கள். அதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 'இடமின்மை' என்று எழுதிய பத்திரிகை பொய் சொல்லியிருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் உதவியாசிரியனாகவே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்த வாரம் இடம் இல்லை என்றால் அடுத்த வாரமும் பத்திரிகை வரத்தானே போகிறது? கதை பிடிக்காமல் இருந்திருக்கும். அல்லது இதே மாதிரி ஒரு பாட்டி கதையை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள். நீளம் அதிகமாகப் பட்டிருக்கும். படித்தவருக்கு அன்றைக்குத் தலைவலியாகக்கூட இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டுதான். காரணத்தை விளக்கி எழுதினால் எழுத்தாளரிடமிருந்து எதிர்விளக்கம் வரும், அதற்கு ஒரு பதில், அப்புறம் ஒரு போன். அதற்குப் பயந்துதான் இந்த மரியாதையான பொய்யை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். இப்போது அச்சடிப்பதில்லை, மின்னஞ்சலில் அதே வாசகத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். வேறு மாற்றம் ஒன்றுமில்லை.

நீங்கள் கோபப்படுவது மூன்றாமவர்மேல். ஆனால் மூன்று பேரில் உங்களிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். கதையை முழுசாகப் படித்திருக்கிறார். எங்கோ இடறியிருக்கிறார். இடறியதை மறைக்காமல் சொல்லிவிட்டார். எந்த இடத்தில் என்று விளக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. எனக்கு நேரம் இருக்கிறது, அதனால் உட்கார்ந்து தேடினேன்.

இன்னொரு விஷயம். இப்படிக் கதை திரும்பி வரும்போதெல்லாம் "பாரதிக்கே இந்த நிலைமை" என்று ஆறுதல் சொல்ல நம் பக்கத்தில் யாராவது வந்துவிடுவார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். 1919இல் பாரதியார் காரைக்குடி வந்தார். ஹிந்து மதாபிமான சங்கத்தில் நன்றாகவே வரவேற்றார்கள், படமும் எடுத்தார்கள். அவருடைய கடைசிக்காலப் படங்களில் ஒன்று அது. மறுவருஷம் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, வட்டி தருவதாகச் சொல்லி, கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் காலமாகிவிட்டார். இதைப் படித்து வருத்தப்படலாம், வெட்கப்படலாம். ஆனால் இதிலிருந்து உங்கள் கதை நல்ல கதை என்று எப்படி முடிவு கட்டுவது? திரும்பி வந்த கதைகளில் நல்லதும் இருக்கும், அரைவேக்காடும் இருக்கும். உங்களுடையது எது என்று தெரிய, கதைக்குள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, கதைக்குள் போவோம்.

முதல் இரண்டு பக்கம் வீடுதான். முகப்பு, பட்டாலை (வந்தவர்கள் உட்காரும் இடம்), வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல். சுவரில் பூசிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்தது வரைக்கும் வந்துவிட்டது. பட்டாலையில் மட்டும் இன்னும் ஒரு ஆள்கூட வந்து உட்காரவில்லை. கானாடுகாத்தானுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். வீட்டின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குள் ஏதோ ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாம் பக்கத்தில் கதை ஆரம்பிக்கிறது, நன்றாகவே ஆரம்பிக்கிறது. சாயங்காலம், வளவில் வெளிச்சம் இருக்கும்போதே அப்பத்தா கடிதத்தோடு வந்து உட்காருகிறார். மாமியார் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "தேதி சொல்லு" என்கிறார். அப்பத்தா தேதி சொல்கிறார். பிறகு வாசிக்கிறார்: "இங்கே மழை விடவில்லை. கிட்டங்கியில் நெல் மூட்டை நனைந்துவிட்டது. ஆத்தா முழங்கால் வலிக்கு எண்ணெய் போடுகிறாளா?" கையில் இருக்கிற பழைய தாளில் முழங்கால் வலி கிடையாது. அது போன வாரம் வந்த வலி. உங்களுக்கு எழுத்து வரும் என்பதற்கு இந்த இடமே போதும். ஒரே மகன் என்பதால் மருமகளை வேறு வைக்கவில்லை, ஒரே அடுப்புத்தான் என்று போகிறபோக்கில் சொல்லியிருப்பதும் நல்லது. இல்லாவிட்டால் நம் பக்கத்து வாசகர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். மழை இருக்கிறது, நெல் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. பணம் எங்கே?

கொண்டுவிற்கப் போன மகன் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இருக்குமா? இவ்வளவுக்கு உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) அனுப்பியிருக்கிறேன், இதில் கோவிலுக்கு இவ்வளவு, இன்னாருக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவு. இது இல்லாத பர்மாக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் கதையில் மாமியார் தேதி கேட்கிறார். ஆனால் "எவ்வளவு அனுப்பியிருக்கான்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷி, எழுத்துத் தெரியாவிட்டாலும் கணக்குத் தெரிந்த மனுஷி, அதைக் கேட்காமல் இருப்பாரா? மூன்று வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எதை வைத்து? உங்கள் கதையில் அதற்கு ஒரு வரி கிடையாது. அந்த ஆசிரியர் இடறியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

என் அப்பா காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு பற்று இருந்தால் எங்காவது அதற்கு வரவு இருந்தாக வேண்டும். ஐந்தொகை எடுக்கும்போது இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால், தப்பு எந்த ஏட்டில் என்று உடனே தெரியாது. தப்பு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். கதை படிக்கிறவர் நிலைமையும் அதுதான். உங்கள் அப்பத்தாவுக்குக் கழுத்துரு ஒன்று இருந்தது என்பதே அந்த ஆசிரியருக்குத் தெரியாது. ஆனால் எதையோ ஒளித்துவைத்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அதைத்தான் "நம்பும்படி இல்லை" என்று எழுதினார்.

வேறு பக்கத்து வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கழுத்துரு என்பது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், கல்யாணத்தில் கட்டுகிற பெரிய தாலி. ஒரே நகைதான், ஆனால் பல தங்க உருக்களைக் கோத்துச் செய்தது. தினமும் போட்டுக்கொள்வது சிறிய தாலி. பெரியது இரும்புப்பெட்டிக்குள் இருக்கும், அறுபதாம் கல்யாணம் மாதிரி நாளில்தான் வெளியே வரும். அதனால் உள்ளே இருப்பதில் ஒன்றிரண்டு உரு குறைந்தாலும் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இதை நீங்கள் கதையில் விளக்கவே வேண்டாம். இருட்டில் நூலை அவிழ்த்து ஒரு உருவைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை மறுபடி கோக்கிற கையைக் காட்டினால் போதும், திருநெல்வேலிக்காரருக்கும் புரிந்துவிடும்.

புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நாளில் ஒரு பெண் தன் தாலியைக் கழற்றி விற்கிறாள். எதற்கு? மாமியாரிடம், உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், பணம் அனுப்பியிருக்கிறான் என்று காட்டுவதற்கு. நீங்கள் இப்படி எழுதவில்லை, செலவுக்கு விற்றார் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னவற்றை வைத்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு எனக்கு இப்படித்தான் வருகிறது. கடிதம் வந்தது என்று சொன்னால் பணமும் வந்தாக வேண்டும். பணம் வர வேண்டும் என்றால் ஒரு உரு போக வேண்டும். அப்பத்தா வாசித்த ஒவ்வொரு கடிதத்துக்கும் இரும்புப்பெட்டியில் விலை கொடுத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு ஒரு முறை கடிதம் 'வரலாம்' என்பதை அவருடைய பாசம் தீர்மானித்திருக்காது, மிச்சம் இருந்த உருக்கள்தான் தீர்மானித்திருக்கும். கடிதம் தாமதமாகும் மாதங்களில் மாமியார் முணுமுணுத்திருப்பார். அந்த மாதங்களையும் எழுதுங்கள். நீங்கள் எழுத வேண்டிய கதை இது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைவிட்டுவிட்டு முட்டை வெள்ளைக்கருவில் நேரத்தைச் செலவழித்துவிட்டீர்கள்.

ஆக, சம்பவம் முழுக்க உண்மை, கதையில் பொய் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. அப்பத்தா ஒரு பொய் சொன்னார், அதற்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார். வீட்டு மானத்துக்காக நீங்கள் ஒன்றை மறைத்தீர்கள், அந்தச் செலவைக் கதையின் தலையில் கட்டிவிட்டீர்கள். நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று கடைசிப் பத்தியில் வள்ளுவரைக் கூப்பிட்டுச் சமாளித்திருக்கிறீர்கள். தமிழாசிரியருக்கு அந்த இடத்தில் கை அரிக்கும், புரிகிறது. எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒரு இடம் உதைக்கிறது. மூன்று வருஷமும் கடிதம் வாசித்தார் என்கிறீர்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது 1942 மார்ச். அதற்கப்புறம் தபால் ஏது? லட்சக்கணக்கான பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகக் கிளம்பினார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். தப்பித்தவர்கள் ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். உங்கள் பக்கத்திலும் வந்திருப்பார்கள். கோவில் வாசலிலும் சந்தையிலும் வேறு பேச்சே இருந்திருக்காது. அப்படிப்பட்ட ஊரில் 1943இல் தபால்காரர் பர்மாக் கடிதம் கொடுத்தார் என்றால் எழுத்துத் தெரியாத மாமியார் மட்டுமா கேட்பார், எதிர்வீட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்களா? நடந்து வந்த ஒருவர் கைக்கடிதம் கொண்டுவந்தார் என்று ஒரு தடவை சொல்லலாம். ஆனால் வந்தவர் பட்டாலையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடிக்காமலா போவார்?

அப்பத்தா சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. வயதான காலத்தில் சொல்லும்போது சில மாதங்கள் மூன்று வருஷமாக நீண்டிருக்கலாம். அல்லது அவர் வேறு ஏதோ வழி வைத்திருந்து, அதை உங்களிடம் சொல்லாமல் போயிருக்கலாம். அவரோடு பழகிய பெரியவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கதையை 1942 மழைக்காலத்தோடு நிறுத்திவிடுங்கள். கதைதானே, காலத்தைச் சுருக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த நாட்களின் வாசனை வேண்டுமென்றால் 1942 பத்திரிகைகளைப் புரட்டுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா, பிறர் வேண்டாமென்று தள்ளிய நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பு இப்போது சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. விடுமுறையில் ஒரு நாள் போய் உட்காரலாம். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய கணக்கு நோட்டு இருந்தால் அதைவிடப் பெரிய புதையல் கிடையாது.

கணக்கு நோட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பெரிய வீடு, ஆனால் கையில் காசு இல்லை என்பதை வெளியூர் வாசகர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்கு யுத்தம் மட்டும் காரணமல்ல. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது, பர்மாக் குடியானவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25 சதவீதம். ஏட்டில் பெரிய சொத்து, கையில் ரொக்கம் இல்லை. பிறகு யுத்தம், 1948இல் நில தேசியமயச் சட்டம் என்று அந்த ஏடும் போனது. இதையெல்லாம் கதையில் எழுதிவைக்காதீர்கள். மாமியார் வாயில் ஒரு வாக்கியம் போதும்: "அத்தனை காசும் சேத்துக்குள்ள கிடக்கு."

முடிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திருத்தி எழுத உட்கார்ந்ததும், மாமியாருக்கும் முதலிலிருந்தே எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே மருமகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று முடிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றியவுடனே சந்தேகமும் வந்தது. இந்த முடிவை நான் மேஜையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள், ஏமாற்றியவரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை, வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவார். அப்பத்தா அப்படிச் சொல்லியிருந்தால் தாராளமாக எழுதுங்கள். சொல்லவில்லை என்றால், அந்த மாமியார் கடைசிவரை நம்பி ஏமாந்தவராகவே இருக்கட்டும். ஏமாந்த ஒருத்தி இருந்தால்தான் ஏமாற்றியவளுக்குத் தூக்கம் வராத ராத்திரி இருக்கும்.

உங்கள் காதல் கதை ஏன் உடனே பிரசுரமானது என்று இப்போது தெரிந்திருக்கும். அதில் நீங்கள் யாரையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையனும் பெண்ணும் யாருக்கும் சித்தப்பா பிள்ளை இல்லை. அதனால் அவர்கள் சின்னப் புத்தியோடு நடந்துகொண்ட இடத்தையும் தயங்காமல் எழுதிவிட்டீர்கள். அதை ஏமாற்று வேலை என்று நினைத்துக் குற்ற உணர்வுப்பட வேண்டாம். கற்பனை என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள், கற்பனை என்று தெரிந்து வாங்குகிறார்கள். அதே தைரியத்தை உங்கள் வளவுக்குள்ளும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

அப்புறம் சித்தப்பா. அவர் படித்த பிரதியில் கழுத்துருவே இல்லை, அப்படியும் பொய் என்கிறார். அவர் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். "நடக்கவில்லை" என்று சொல்லவில்லை. "எங்க ஆத்தா யாரையும் ஏமாத்தினதில்லை" என்கிறார். அவர் கவலை ஆத்தாளுக்கு வரும் பெயரைப் பற்றியது. அதை நீங்கள் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. அச்சில் வந்தபிறகு அவர் தெருவில் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பத்திரிகை ஆசிரியர் வந்து சொல்லப்போவதில்லை.

அதனால் திருத்திய கதையை அனுப்புவதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். அனுமதி கேட்கப் போகாதீர்கள், கேட்டால் 'கூடாது' என்றுதான் சொல்வார், அப்புறம் அதை மீறவும் முடியாது. அறுபதாம் கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள். இரவல் கழுத்துரு யார் வீட்டிலிருந்து வந்தது, கேட்டு வாங்கப் போனது யார், சடங்கு முடிந்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்களா, அப்பத்தா முகம் எப்படி இருந்தது. அப்போது அவருக்குக் கல்யாண வயசு இருந்திருக்கும், எல்லாம் பார்த்திருப்பார். தன் ஆத்தா எதை விற்றார், எதற்கு விற்றார் என்று அவரே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தால், ஏமாற்றுக்காரி என்ற பேச்சு அவரிடமே நிற்காது. சொல்லாமல் எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை, நீங்கள் கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது எல்லா இடத்திலும் கவசமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499 என்று இருந்ததில், உண்மையோடு பொதுநன்மையும் சேர்ந்தால்தான் அந்த விலக்கு. இறந்தவரைப் பற்றி எழுதுவதும், அவர் உறவினர் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால், அவதூறுக்குள் வரும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் ஊரை மாற்றுங்கள், விலாசத்தை மாற்றுங்கள், நகரத்தாரின் ஒன்பது கோவில் பிரிவுகளில் உங்களுடையது எது என்று தெரிகிற மாதிரி எதுவும் வேண்டாம். இரவல் கொடுத்த பங்காளி வீட்டைத் தொடவே தொடாதீர்கள், அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். மாற்றக் கூடாதது கழுத்துரு ஒன்றுதான். அதை வளையல் என்றோ அட்டிகை என்றோ ஆக்கினால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

எழுதுவதை விட்டுவிடவா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். விட நினைக்கிறவர் கதையையும் சேர்த்து அனுப்ப மாட்டார்.

திருத்தியதும், "நம்பும்படி இல்லை" என்றாரே, அவருக்கே முதலில் அனுப்புங்கள். முன்பு அனுப்பிய கதை, மாற்றி எழுதியிருக்கிறேன் என்று ஒரு வரி போதும். குடும்பத்தில் உண்மையாக நடந்தது என்று இந்தத் தடவை குறிப்பு எழுதாதீர்கள், ஆசிரியர்களுக்கு அது ஒரு ஒவ்வாமை. வார இதழ் என்றால் இப்போது இருக்கும் நீளம் தாங்காது, வீட்டு வர்ணனை போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு மாதம் பொறுங்கள், அதற்குள் போன் செய்யாதீர்கள், ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். தலைப்பையும் மாற்றிவிடுங்கள். 'பொய்க் கடிதங்கள்' என்று வைத்துவிட்டால், மாமியார் தேதி கேட்பதற்கு முன்னாலேயே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.